செட்பேக் விலக்கு கோரும் மனுவை எடைபோடுவது எப்படி

அமெரிக்க நகரங்களில் கட்டடத்துக்கும் மனையின் எல்லைக்கும் இடையே விட வேண்டிய காலியிடத்தை, அதாவது செட்பேக்கை, ஸோனிங் விதிகள் (எந்த நிலத்தில் எதை, எப்படிக் கட்டலாம் என்று சொல்லும் நகர விதிகள்) அடிக்கணக்கில் வரையறுக்கின்றன. அந்த அளவில் தளர்வு, அதாவது விலக்கு, கேட்டு வீட்டு உரிமையாளர் கொடுக்கும் மனு ஸோனிங் மேல்முறையீட்டு வாரியத்தின் முன் வருகிறது. வாரிய உறுப்பினர் எடைபோட வேண்டியது மனையைத்தான். மனுதாரர் எவ்வளவு நல்லவர், எத்தனை காலமாக அங்கே குடியிருக்கிறார் என்பவை கணக்கில் சேரா. ஏனெனில் விலக்கு பொதுவாக நிலத்தோடு சேர்ந்தது, வீடு கைமாறிய பின்னும் அது நீடிக்கும்.

முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தையும் ஊர் விதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1920களில் அமெரிக்க வணிகத் துறை வெளியிட்ட மாதிரி ஸோனிங் சட்டம் ‘தேவையற்ற இடர்ப்பாடு’ என்ற அளவுகோலைத் தந்தது. அதை மாநிலங்கள் பல விதமாக வளர்த்தெடுத்தன. வட கரோலினாவில் அந்த இடர்ப்பாடு மனையின் அமைவிடம், பரப்பு, மேடுபள்ளம் போன்ற தனித்தன்மையிலிருந்து எழ வேண்டும்; விலக்குக்கு ஐந்தில் நான்கு பங்கு வாக்குகளும் தேவை. நியூயார்க்கிலோ, மனுதாரருக்குக் கிடைக்கும் நன்மையையும் அக்கம்பக்கத்துக்கு நேரக்கூடிய பாதிப்பையும் தராசில் வைத்து, ஐந்து கேள்விகளின் வழியே முடிவெடுக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் தேறும் மனு மற்றொன்றில் தேறாமல் போகலாம்.

அடுத்து, சர்வே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனையை நேரில் பாருங்கள். பின்புறம் 25 அடி விட வேண்டிய இடத்தில் 20 அடி அகலமுள்ள புதிய அறை ஒன்று அந்தக் காலியிடத்துக்குள் 6 அடி வருவதாக மனு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் எல்லை சாய்வாக ஓடுவதால் மேற்கு மூலையில்தான் அந்த 6 அடி மீறல். கிழக்கு மூலையில் அது 1 அடிதான். அறையைக் கிழக்கே 4 அடி நகர்த்தினால் மேற்கில் மீறல் 5 அடியாகும், கிழக்கில் ஒன்றுமே இராது. ஆழத்தையும் 2 அடி குறைத்தால் 3 அடியே மிஞ்சும். சாய்ந்த எல்லை நிலத்தின் குறை என்பதால் இந்த மனுவுக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் கொடுக்க வேண்டியது தேவையான மிகக் குறைந்த அளவு என்பதால் 6 அடியை அப்படியே கொடுத்துவிட இடமில்லை. பெரும்பாலான மனுக்களின் முடிச்சு இத்தகைய அளவெடுப்பில்தான் அவிழ்கிறது என்பதே என் கருத்து. ‘வேறு வழியே இல்லையா?’ என்ற கேள்வியை வரைபடத்தின் மேல் கை வைத்துக் கேளுங்கள். கூடுதல் செலவாகும் என்ற பதில் மட்டும் பொதுவாகப் போதாது.

சிக்கலை உரிமையாளரே வரவழைத்துக்கொண்டாரா என்பதையும் பார்க்க வேண்டும். அனுமதியின்றிக் கட்டி முடித்துவிட்டு, இடித்தால் நஷ்டம் என்று வாதிடுவது அந்த வகை. நியூயார்க்கில் அது எதிராக எண்ணப்படும், ஆனால் அது ஒன்றே மனுவை வீழ்த்திவிடாது. மாற்றுத்திறனாளி ஒருவருக்குச் சாய்தளம் தேவைப்படும் மனுவை மட்டும் தனியாக அணுகுங்கள். கூட்டாட்சியின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் நியாயமான இணக்கத்தை, அதாவது மாற்றுத்திறனாளியின் தேவைக்காக விதியை நியாயமான அளவில் தளர்த்துவதை, கோருகிறது, ஆகவே நகர வழக்கறிஞரைக் கலந்துகொள்வது அவசியம்.

பக்கத்து வீட்டாரின் எதிர்ப்பைத் தலை எண்ணிக் கணக்கிடாதீர்கள். மழைநீர் தம் பக்கம் வழியும், தீயணைப்போர் நுழைய இடைவெளி குறையும், சன்னல் வெளிச்சம் மறையும் என்பவை ஆராய வேண்டிய சான்றுகள். ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பது சான்றாகாது. விசாரணைக்கு வெளியே மனுதாரரிடமோ எதிர்ப்பவரிடமோ வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். மனையில் நீங்கள் கண்டதை விசாரணையிலேயே அறிவித்துவிடுங்கள்.

முடிவை எழுதும்போது ஒவ்வோர் அளவுகோலுக்கும் எதிரே அதை நிறுவிய சான்றைக் குறிப்பிடுங்கள், ஏனெனில் மேல்முறையீட்டில் நீதிமன்றம் படிக்கப்போவது அதைத்தான். விலக்கு வழங்கினால், சமர்ப்பித்த வரைபடத்தின்படி இத்தனை அடி, இந்தச் சுவர் மட்டும், கூரைநீர் மனைக்குள்ளேயே வடிய வேண்டும் என்று நிபந்தனைகளை அளவோடு பதியுங்கள்.