நடுக்கடலில் குடிநீர் இயந்திரத்தைச் சரிசெய்த விதம்

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்கு நன்கொடை திரட்டுவதற்காகக் கேனரி தீவுகளிலிருந்து கரீபியனை நோக்கித் துடுப்புப் படகில் தனியே சென்றபோது, என்னை மிகவும் கலங்கச் செய்தது கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பயனற்றுப்போனதுதான். மோட்டார் ஓடியது, பேட்டரியிலும் மின்சாரம் போதுமானதாக இருந்தது, ஆனால் குழாயில் ஒரு சொட்டு நன்னீரும் வரவில்லை.

இந்த இயந்திரம் கடல்நீரை, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வின் வழியே தள்ளுகிறது. அதை எதிர்க்கும் கடல்நீரின் சவ்வூடு அழுத்தமே ஏறத்தாழ 27 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 27 மடங்கு) என்பதால், அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்தோடு தள்ளினால்தான் போதிய நன்னீர் பிரியும்; பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் அது காற்றையே அமுக்கிக்கொண்டிருக்குமே தவிர அந்த அழுத்தம் உருவாகாது. பேரலைகளில் படகு சாயும்போது அடிப்புறத்து உறிஞ்சுதுளை நீருக்கு மேலே வந்து காற்றை இழுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முன்வடிகட்டியைக் கழுவிப் பொருத்தியபின், பம்பின் உறிஞ்சுமுனையில் ஒரு மாற்றுக் குழாயை இணைத்து, அதன் மறுமுனையைக் கடல்நீர் நிரம்பிய வாளியில் முழுதாக அமிழ்த்தினேன். அழுத்த வால்வை முற்றிலும் திறந்துவைத்து, கழிவுநீர்க் குழாயில் குமிழிகள் அடங்கும்வரை மோட்டாரை ஓடவிட்டு, பிறகு வால்வை மெல்ல மெல்ல மூடினேன். அவசரப்பட்டு மூடினால் சவ்வு பழுதாகும் என்பதால் இங்கே பொறுமை மிகவும் தேவை. முதலில் வந்த நீர் கரித்ததால் அதைக் கொட்டிவிட்டேன்.

கையால் இயக்கும் பம்பு ஒன்றும் படகில் இருந்தது. எனினும் நாள் முழுதும் துடுப்பு வலித்த கைகளுக்கு அது பெரும் சுமை. அதனால் அலை தணிந்து, சூரியத் தகடுகள் மின்சாரம் தரும் நண்பகலிலேயே அன்றாட நீரைச் சேமிக்கத் தொடங்கினேன்.