நீண்ட நாள் ஓடாமல் இருக்கும் இன்வெர்ட்டர் ஏசியைப் பழுதாகாமல் காப்பது எப்படி?

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இன்வெர்ட்டர் ஏசியைப் பல மாதங்கள் ஓட்டாமல் வைத்திருந்துவிட்டு, தேவை வந்த அன்று அப்படியே இயக்குவதுதான் அதற்கு நாம் இழைக்கும் பெரிய கெடுதல். பழைய வகை ஏசியில் கம்ப்ரஸர் வீட்டுக்கு வரும் மின்சாரத்திலேயே நேராக, ஒரே வேகத்தில் ஓடும்; அதில் கெட்டுப்போவதற்கான மின்னணுப் பாகங்கள் குறைவு. இன்வெர்ட்டர் வகையிலோ, வரும் மின்சாரம் நேர்திசை மின்சாரமாக மாற்றப்பட்டு, பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கப்பட்டு, அறையின் தேவைக்கேற்ற அதிர்வெண்ணில் மறுபடியும் கம்ப்ரஸருக்குச் செலுத்தப்படுகிறது. இவ்வளவையும் செய்யும் பிசிபி போர்டு (மின்னணுப் பாகங்கள் பொருத்திய பலகை), வெட்டவெளியில் நிற்கும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இருக்கிறது. ஓடும்போது எழும் வெப்பம் போர்டில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்கிறது. ஓடாத மாதங்களில் ஈரம் படிந்து இணைப்புகள் அரிக்கின்றன. ஒதுங்க இடம் தேடி உள்ளே நுழையும் பல்லி இரண்டு மின்முனைகளை ஒருசேரத் தொட்டாலே, மின்சாரம் வந்த கணத்தில் போர்டு கருகிவிடக்கூடும்.

ஆகவே, ஏசியை நிறுத்தி வைக்கும் நாளிலேயே பாதுகாப்பு தொடங்க வேண்டும். மழையில்லாத ஒரு நாளில் சில மணி நேரம் ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டால், உள் யூனிட்டின் காயிலில் தங்கிய ஈரம் உலர்ந்து, பூஞ்சை பிடிப்பது குறையும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். சுவரில் குழாய் நுழையும் துளையைப் புட்டி வைத்து அடைத்துவிடுங்கள். அவுட்டோர் யூனிட்டைப் பிளாஸ்டிக் உறையால் முழுவதுமாகச் சுற்றிக் கட்டுவதைப் பலர் பாதுகாப்பு என்று கருதுகிறார்கள். உண்மையில் அது ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கிறது. மேற்புறத்தை மட்டும் மூடினால் போதும்.

வீடு பூட்டியிருக்கும் என்றால், ஏசிக்கான எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சை) அணைத்து வைப்பதே நல்லது; இடி மின்னலின்போது பாயும் மிகை மின்னழுத்தம் போர்டை எட்டும் வாய்ப்பு குறையும். வீட்டில் ஆள் இருந்தால், மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது குளிரூட்டும் நிலையில் ஓட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் சுழலும், கெப்பாசிட்டர்களுக்கு மின்னூட்டம் கிடைக்கும், விசிறி இறுகிப்போகாது.

மீண்டும் இயக்கும் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. நெடுநாள் நின்ற ஏசியில், குளிரூட்டும் வாயு மெல்ல மெல்லக் கம்ப்ரஸரை நோக்கி நகர்ந்து, அங்குள்ள எண்ணெயில் கரைந்துவிடக்கூடும். திடீரென ஓட்டும்போது அழுத்தம் சட்டென்று குறைவதால், கரைந்திருந்த வாயு கொதித்தெழ, எண்ணெய் நுரைத்துப் பொங்கிக் குழாய்களுக்குள் போய்விடுகிறது. உராயும் பாகங்கள் போதிய எண்ணெயின்றிச் சுழல நேர்கிறது. இதைத் தவிர்ப்பதற்காகவே பல மாடல்களில், ஏசி ஓடாதபோதும் கம்ப்ரஸரின் சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்து அதை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஏற்பாடு உள்ளது. எம்சிபி அணைந்திருந்தால் அது வேலை செய்யாது. எனவே எம்சிபியைப் போட்டவுடன் ரிமோட்டை எடுக்காமல், குறைந்தது 6 மணி நேரம் காத்திருங்கள். குளிர்ந்த பருவமென்றால் 12 மணி நேரம் விடலாம். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எம்சிபியைப் போடுவதற்கு முன்பே அவுட்டோர் யூனிட்டின் வெளிப்புறத்தைப் பார்த்துவிட வேண்டும். விசிறிக் கம்பிவலைக்குள் கூடு இருக்கிறதா, டிரெயின் பைப்பின் வாய் அடைபட்டிருக்கிறதா, செம்புக் குழாய் இணையும் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வாயு கசிகிறது என்று சந்தேகிக்கலாம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். யூனிட்டின் மூடியை மட்டும் நீங்களே திறக்கக் கூடாது. மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தேங்கியிருக்கும். அது உயிரைப் பறிக்கக்கூடியது.

இவை சரியாக இருந்தால், ஜன்னலைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் ஃபேன் மோடில் ஓட்டுங்கள்; பிறகு அறை வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி மட்டும் குறைத்து வைத்துக் குளிரூட்டத் தொடங்குங்கள். திரையில் பிழைக்குறியீடு தோன்றினால், அதைக் குறித்துக்கொண்டு, எம்சிபியை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை மட்டும் முயலலாம். அதே குறியீடு மறுபடியும் வந்தால், மீண்டும் மீண்டும் போட்டு அணைக்காமல் நிறுத்திவிட்டு, அந்தக் குறியீட்டோடும் எத்தனை மாதம் ஓடாமல் இருந்தது என்ற தகவலோடும் மெக்கானிக்கை அழையுங்கள்.