மூன்று தடவை ஒரே நிலை: நடுவரிடம் ட்ரோ கேட்கும் முறை

செஸ்.கொம் இணையத்தளத்தில் செஸ் ஆடும்போது ஒரே நிலை மூன்றாம் தடவை வந்ததும் ஆட்டம் தானாகவே ட்ரோ (வெற்றி தோல்வியின்றி ஆளுக்கு அரைப் புள்ளி) ஆகிவிடும். பலகையில் அப்படியில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். மூதூர், கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போட்டியாட வரும் புதிய பிள்ளைகள், போனிலேயே பழகியவர்கள் என்றால், அரைப் புள்ளியைக் கோட்டை விடுவது இங்கேதான்.

1. இரு பக்க நகர்வுகளையும் ஸ்கோர் ஷீற்றில் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனைதான் நல்லது. வியர்த்த கையில் பென்சில் எழுத்து அழிந்துவிடும். கடற்காற்று வீசும் மண்டபமென்றால் கிளிப் வைத்த மட்டை ஒன்று கொண்டுபோங்கள்.

2. நிலையை எண்ணுங்கள், நகர்வை அல்ல. அதே காய்கள் அதே கட்டங்களில், அதே ஆளின் முறை, அதே நகர்வுகள் சாத்தியம். முதல் தடவை காஸ்லிங் (ராஜாவையும் தேரையும் ஒரே முறையில் நகர்த்துவது) உரிமை இருந்து பிறகு போயிருந்தால் அது வேறு நிலை. அடுத்தடுத்து வரவேண்டும் என்றுமில்லை. 1971இல் புவனஸ் அயர்ஸில் செஸ் வீரர்கள் பிஷர், பெட்ரோசியன் மோதிய மூன்றாம் ஆட்டத்தில், பிஷரின் வெள்ளை ராணி 30, 32ஆம் நகர்வுகளில் ஈ2 கட்டத்துக்கு வந்தது, 34ஆம் நகர்வாகவும் அதையே எழுதி அவர் ட்ரோ கேட்டார். இடையில் பெட்ரோசியன் ஒரு தடவை ராணியை ஆடினார், மறு தடவை தேரை. ஆனாலும் நிலை மூன்று தடவை ஒன்றே, ட்ரோ.

3. இனிக் கேட்பது. எதிராளியின் நகர்வால் மூன்றாம் தடவை வந்துவிட்டதா? எந்தக் காயையும் தொடாமல் மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். உங்கள் நகர்வால்தான் வரப்போகிறதா? அதை ஆடாதீர்கள். ஸ்கோர் ஷீற்றில் எழுதுங்கள், மணிக்கூட்டை நிறுத்துங்கள், "இந்த நகர்வோடு மூன்றாம் தடவை" என்று நடுவரிடம் சொல்லுங்கள். ஆடும் முன் எழுதக்கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தருவது சரிதான். ட்ரோ கேட்பது அதற்கு விலக்கு. காயைத் தொட்டால் அந்த முறைக்குரிய உரிமை போய்விடும். ஆடி மணிக்கூட்டையும் அழுத்தினால் கேட்கும் உரிமை எதிராளிக்கு.

கணக்குப் பிழைத்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையே ஆடவேண்டும். ஆனால் கேட்டது ட்ரோ அழைப்பாகவும் கொள்ளப்படும். அவர் ஒத்துக்கொண்டால் முடிந்தது. நிலை மோசமென்றால் துணிந்து கேட்கலாம்.

பின்சேர்க்கை: ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி சேர்த்துக் கொடுக்கப்படாத ஆட்டத்தில், உங்கள் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதாமல் விடலாம். விட்டால் நிரூபிக்கக் கையில் ஒன்றுமிருக்காது, முடிந்தவரை எழுதுங்கள். ஐந்தாம் தடவை வந்தால் யாரும் கேட்கத் தேவையில்லை, நடுவரே முடித்துவைப்பார்.