தொழில்நுட்ப கிளப்பில் சேர்வது எப்படி? கையில் ஒரு சின்ன வேலையோடு போங்கள்

செமஸ்டர் தொடங்கியதும் ரோபாட்டிக்ஸ், கோடிங், சைபர் பாதுகாப்பு, ட்ரோன் என்று கிளப்கள் வரிசையாக மேசை போட்டு உட்காரும். புதிதாக வருபவர்களில் பலர் எல்லா மேசையிலும் பெயர் எழுதிவிடுவார்கள், இரண்டு மாதத்தில் எதிலும் இருக்கமாட்டார்கள். அதனால்தான் சீனியர்கள் ஆள் எடுக்கும்போது எவ்வளவு தெரியும் என்பதைவிட, எடுத்த வேலையை இவர் முடிப்பாரா என்று பார்க்கிறார்கள். அதைக் காட்ட ஒரு வாரம் போதும். கீழே உள்ளதில் 4-வது படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: எந்த ரகம் என்று பாருங்கள்

கிளப்பின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். போட்டி அணிகள் ஒரு ரகம். ஃபார்முலா ஸ்டூடன்ட் (மாணவர்களே பந்தய கார் கட்டும் போட்டி) கார், ரோபோ, ட்ரோன் செய்பவர்களுக்குப் போட்டித் தேதி முன்பே குறித்திருக்கும். ஆண்டு முழுவதும் அதை நோக்கியே ஓட்டம். சேசிஸ், பேட்டரி, மென்பொருள், ஸ்பான்சர் தேடுவது என்று உபகுழுக்கள் இருக்கும், நீங்கள் சேர்வது அவற்றில் ஒன்றில்தான். ஐசிபிசி நிரலாக்கப் போட்டிக்குத் தயாராகும் குழுக்களும் இதே ரகம்: 3 பேர், ஒரே கணினி, 5 மணி நேரம். வேகமாக கோட் எழுதுபவர்கூட, கீபோர்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் காகிதத்தில் யோசிக்கப் பழகவில்லை என்றால் அங்கே திணறுவார்.

கற்றல் கிளப்கள் இன்னொரு ரகம். ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்), செயற்கை நுண்ணறிவு, சிடிஎஃப் (சைபர் பாதுகாப்புப் புதிர்ப் போட்டி) பயிற்சி போன்றவை இதில் வரும். வாரம் ஒரு கூட்டம், நடுவில் வந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றுமே தெரியாமல் வருபவர்களுக்கு இதுவே நல்ல வாசல்.

ஐ ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியாளர்களுக்கானது), ஏசிஎம் (கணினித் துறையினருக்கானது) போன்ற தொழில்முறை அமைப்புகளின் மாணவர் கிளைகள் மூன்றாவது ரகம். ஏசிஎம் 1947-லும், ஐ ட்ரிபிள் ஈ அதன் இன்றைய வடிவில் 1963-லும் தொடங்கியவை. வளாகத்துக் கிளையின் கூட்டத்துக்குப் போவது வேறு, தாய் அமைப்பில் ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினர் ஆவது வேறு. கட்டாமல் எவற்றில் கலந்துகொள்ளலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

படி 2: உயிரோடு இருக்கிறதா?

கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம். கிளப்பின் கிட்ஹப் பக்கத்தில் கடைசி கமிட் (பதிவு செய்த மாற்றம்) எப்போது விழுந்தது, எத்தனை பேர் பெயரில் விழுகிறது என்று பாருங்கள். எல்லாம் ஒரே ஒருவர் பெயரில் இருந்தால், அவர் படித்து முடித்துப் போனதும் வேலை நின்றுவிடும். சமூக வலைப்பக்கத்தில் தொடக்க விழா, பரிசளிப்புப் படங்கள் மட்டுமே இருந்து, வேலை நடக்கும் படம் ஒன்றுகூட இல்லையென்றால் அதுவும் ஒரு சேதிதான்.

பிறகு, அறிமுக நாளை விட்டுவிட்டு ஒரு சாதாரண வேலை நாளில் நேரில் போங்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: “போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் என்ன வேலை செய்தார்?” குறிப்பாகப் பதில் வந்தால் நல்ல இடம். “எல்லாரும் எல்லாமும் செய்வோம்” என்று வந்தால், புதியவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை என்று பொருள்.

படி 3: மணிக் கணக்கு

வகுப்பு, லேப், வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம் போக வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று தாளில் எழுதிப் பாருங்கள். போட்டி அணி என்றால் வாரம் 8 மணி நேரமாவது ஒதுக்குங்கள், போட்டி நெருங்க நெருங்க அது இரட்டிப்பாகும். கற்றல் கிளப்புக்கு 2 முதல் 3 மணி நேரம் போதும். முதல் ஆண்டில் ஒரு கிளப்பில் முழுமையாக இருங்கள், வேண்டுமானால் இன்னொன்றில் பார்வையாளராக இருங்கள். மூன்றாவது வேண்டாம்.

படி 4: ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டுப் போங்கள்

ரோபாட்டிக்ஸ் பக்கம் போவதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்: பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும், எல்இடி ஒருமுறை மின்ன வேண்டும். ஒரு ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி ஓட்டும் சிறிய மின்னணு போர்டு), பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் வயர் குத்தும் பலகை), சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை), புஷ் பட்டன், நாலைந்து வயர்கள் போதும்.

ரெசிஸ்டர் ஏன் 220? போர்டின் ‘பின்’னிலிருந்து (pin, வயர் இணைக்கும் முனை) வருவது 5 வோல்ட். சிவப்பு எல்இடி அதில் சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர், பின்னுக்குப் பரிந்துரைக்கப்படும் 20-க்குள் அடங்கிவிடுகிறது.

செய்யும்போது நான்கு இடத்தில் மாட்டுவீர்கள். முதலாவது, எப்போதும் அழுத்தியபடியே காட்டும் பொத்தான். அதன் நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளேயே இணைந்தவை; 90 டிகிரி திருப்பிக் குத்தினால் ஏற்கெனவே இணைந்த ஜோடிக்குத்தான் வயர் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது, யாரும் தொடாமலே எண்ணிக்கை ஏறுவது. எதனோடும் இணையாத ‘பின்’ (pin) காற்றில் இருக்கும் மின் இரைச்சலை வாசிக்கிறது. பொத்தானின் மறுகாலை கிரவுண்டில் கொடுத்து, கோடில் பின்னை ‘இன்புட் புல்லப்’ (போர்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் பின்னை ‘ஹை’ நிலையில் பிடித்துவைக்கும் அமைப்பு) என்று அமையுங்கள். அப்போது அழுத்தினால் ‘லோ’, விட்டால் ‘ஹை’ என்று தலைகீழாக வரும், அது சரிதான். மூன்றாவது, சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) புரியாத எழுத்துகள். கோடில் தகவல் அனுப்பும் வேகத்தை 9600 என்று எழுதி, மானிட்டரில் வேறு வேகம் வைத்திருப்பீர்கள்.

நான்காவதுதான் பாடம். ஒருமுறை அழுத்தினால் எண்ணிக்கை மூன்று, நான்கு என்று தாவும். பொத்தானுக்குள் உள்ள உலோகத் தகடு ஒட்டும்போது சில மில்லிவினாடிகள் துள்ளுகிறது, ஒவ்வொரு துள்ளலையும் போர்டு ஓர் அழுத்தலாக எண்ணுகிறது. நிலை மாறியதும் 30 மில்லிவினாடி பொறுத்து மறுபடி வாசித்தால் தீரும். இதை நீங்களே மாட்டி, நீங்களே தீர்த்திருந்தால் நேர்காணலில் பேச உங்களிடம் சரக்கு இருக்கும். வீடியோ பார்த்து வயர் மாட்டியவரிடம் அது இருக்காது.

மென்பொருள் கிளப் என்றால், உங்கள் வகுப்பு அட்டவணையைப் படித்து அடுத்த வகுப்பைச் சொல்லும் 50 வரி நிரல் போதும். ரீட்மீ கோப்பில் என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, எது இன்னும் வேலை செய்யவில்லை என்று எழுதி கிட்ஹப்பில் ஏற்றுங்கள். கடவுச்சொல், ஏபிஐ கீ (ஒரு இணையச் சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு) எதுவும் உள்ளே போய்விடாமல் பாருங்கள். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். போய்விட்டால் அந்தக் கீயையே ரத்து செய்துவிட்டு வேறு எடுக்க வேண்டும்.

படி 5: படிவமும் நேர்காணலும்

“எனக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம் அதிகம்” என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் இப்படி எழுதுங்கள்: “பொத்தான் எண்ணி ஒன்று செய்தேன், துள்ளலைச் சரிசெய்தேன். சென்சார் குழுவில் வேலை வேண்டும். வாரம் 8 மணி நேரம் தரமுடியும், செவ்வாய் மாலை முடியாது.” நேர்காணலில் தெரியாததைக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள் என்றும் சொல்லுங்கள்.

படி 6: முதல் மாதம்

சிறிய வேலையாகக் கேட்டு வாங்குங்கள். 30 நிமிடம் சொந்தமாக முயன்றும் நகரவில்லை என்றால் கேளுங்கள், மூன்று நாள் மௌனமாக இருக்காதீர்கள். கேட்கும்போது என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். பிழைச் செய்தியை எழுத்தாகவே ஒட்டுங்கள். திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினால் அதை யாரும் நகலெடுத்துத் தேட முடியாது.

கிட்டில் (Git, நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வேலை தொடங்கும் முன் புதிய மாற்றங்களை இழுத்துக்கொண்டு, தனி பிராஞ்ச் (மற்றவர் வேலையைத் தொடாத தனிக் கிளை) எடுங்கள். ஒரு புல் ரெக்வெஸ்ட்டில் (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும்.

லேபில் லித்தியம் பாலிமர் பேட்டரி இருந்தால், ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகவே கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாமல் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள் அது.

தேர்வாகவில்லை என்றால்

எது போதவில்லை என்று ஒரே ஒரு வரியில் செய்தி அனுப்பிக் கேளுங்கள். திறந்த கூட்டங்களுக்குத் தொடர்ந்து போங்கள். ஆவணம் எழுதுவது, உதிரிபாகக் கணக்கு பார்ப்பது போன்ற வேலைகளுக்கு எந்த அணியிலும் ஆள் பற்றாக்குறைதான்; அவற்றைக் கேட்டு வாங்கலாம். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள், எண்ணும் பொத்தானோடு ஒரு சிறிய திரையையும் சேர்த்து முடித்து வையுங்கள்.