வாரண்டி முடிவதற்குள் கியர்பாக்ஸ், கிளட்ச், ஆக்சில் கோளாறுகளை ஷோரூமில் சரிசெய்து வாங்குவது எப்படி?

3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று வாரண்டி புத்தகத்தில் இருந்தால், எது முதலில் வருகிறதோ அதோடு கணக்கு முடிந்தது. வாராவாரம் மதுரையிலிருந்து சென்னை போய்வரும் கார், இரண்டு ஆண்டு சொச்சத்திலேயே லட்சத்தைத் தொட்டுவிடும். அதனால் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

கடைசி வாரத்தில் போய் நிற்பது வீண் வேலை. 3 மாதமோ 3,000 கி.மீ.யோ மிச்சம் இருக்கும்போதே வண்டியை விடுங்கள். கியர்பாக்ஸைப் பிரிக்க ஷோரூம்காரர் தானாக முடிவெடுப்பதில்லை. போட்டோ, வீடியோ அனுப்பிக் கம்பெனியின் அனுமதி வாங்க வேண்டும், பிறகு பாகம் வர வேண்டும். மாற்றிய பாகத்துக்கும் பொதுவாகக் காரின் மிச்ச வாரண்டிதான். செய்த வேலை நிற்கிறதா என்று ஓட்டிப் பார்க்க உங்களுக்கும் நாள் வேண்டுமே.

போவதற்கு முன் சத்தம் எப்போது வருகிறது என்பதைப் பிடித்துவிடுங்கள். 'ஏதோ கடகடங்குது' என்றால் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு 'ஒண்ணும் இல்ல சார்' என்று சாவியை நீட்டிவிடுவார்கள்.

காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக் டக்' என்று சீராக வந்தால் ஆக்சிலின் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (வீல் திரும்பினாலும் ஆக்சில் சுழல விடும் மூட்டு). நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி உதறி, காலை எடுத்தால் அடங்கினால் உள்பக்க ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். குனிந்து வீல் உள்பக்கம் பாருங்கள். கிரீஸ் சிதறியிருந்தால், ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்துவிட்டது. இதைத் தள்ளிப்போட வேண்டாம். மண்ணும் தண்ணீரும் புகுந்து ஜாயிண்ட் போன பிறகு, 'பூட் கிழிஞ்சதை நீங்க கவனிக்கல' என்பதே மறுக்கும் காரணமாகிவிடும்.

வீல் பேரிங்கைச் சோதிக்க மதுரையில் உத்தங்குடி–கப்பலூர் ரிங் ரோடு வசதி. 60–70 கி.மீ. வேகத்தில் 'ஊம்' என்று வந்து, வேகத்தோடு ஏறினால் ஒரு சோதனை: சாலை காலியாக இருக்கும்போது லேசாக வலப்பக்கம் திருப்புங்கள். எடை இடப்பக்கம் சாயும். சத்தம் கூடினால் பழுது பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்கில். 'டயர் சத்தம்தான்' என்று ஷோரூமில் புகாரைக் கேட்டு எழுதும் சர்வீஸ் அட்வைசர் சொன்னால், முன் டயர்களையும் பின் டயர்களையும் மாற்றிப்போடச் சொல்லுங்கள். டயர் என்றால் சத்தமும் கூடவே பின்னால் போகும்.

நியூட்ரலில் என்ஜின் ஓடட்டும். கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருகிறதென்றால் கியர்பாக்ஸ் உள்ளே இன்புட் ஷாஃப்ட் பேரிங். இரண்டாம், மூன்றாம் கியர் 'கர்ர்' என்று விழுந்தால் சிங்க்ரோனைசர் (கியர்கள் உரசாமல் சேர உதவும் பாகம், சுருக்கமாக சிங்க்ரோ). ரிவர்ஸ் மட்டும் உரசினால் அவசரப்படாதீர்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நின்றபின் கிளட்சை மிதித்து 3 நொடி பொறுத்துப் போட்டும் உரசினால்தான் புகார்.

ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாறும்) வண்டி கியர் மாறும்போது தலையாட்டுவது அதன் சுபாவம், அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. தானாக நியூட்ரலுக்குப் போவது, கியர் விழ மறுப்பது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிவது எல்லாம் கோளாறு. அப்படி நடந்தால் பேட்டரி வயரைக் கழற்றவோ, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை மலிவு ஸ்கேனரால் அழிக்கவோ வேண்டாம். அந்தக் குறியீடுதான் உங்கள் சாட்சி.

சூடேறினால்தான் வரும் கோளாறு என்றால், கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையுங்கள். ஆயில் கசிவு சந்தேகம் இருந்தால் இரவில் கீழே அட்டை விரித்து, காலையில் சொட்டைப் போட்டோ எடுங்கள்.

இனி ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரைப் பதியும் தாள். அட்வைசர் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். 'ஸ்டியரிங் வலப்பக்கம் முழுக்க ஒடித்து முதல் கியரில் போனால் முன்பக்கம் டக் டக் சத்தம்' என்று உங்கள் வார்த்தையிலேயே ஏற வேண்டும், பக்கத்தில் கி.மீ., தேதி. டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டி வரவழைத்துக் காட்டுங்கள். வராத நாளும் உண்டு. அப்போது 'பரிசோதனையில் தென்படவில்லை' என்றாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்தபின் அதே கோளாறு திரும்பினால், காலத்துக்குள் சொன்னதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். சர்வீஸ் பில்களையும் கொண்டுபோங்கள். தவறிய சர்வீஸ், பெரிய டயர், என்ஜின் ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) இவைதான் மறுப்புக்கு முதல் சாக்கு.

பெரிய தகராறு கிளட்சில்தான். தேயும் பொருள் என்று கிளட்ச் பிளேட்டை வாரண்டியில் சேர்ப்பதில்லை. சிறுமலை ஏற்றத்தில் ஆர்.பி.எம். மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. ஏன் வழுக்குகிறது என்பதில்தான் பணம் யாருடையது என்பது இருக்கிறது. கழற்றும்போது நேரில் இருங்கள். லைனிங் ரிவெட் வரை சீராகத் தேய்ந்து, ஃபிளைவீல் நீலம் பாய்ந்திருந்தால் அது ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டும்) பழக்கம். சித்திரைத் திருவிழா சமயத் தல்லாகுளம் நெரிசலில் பெடல் மேலேயே கால் வைத்து ஊர்ந்ததன் பலன், வாதாடி ஆகாது. பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் கதை வேறு: என்ஜின் பின் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிந்திருக்கிறது. சீல் வாரண்டியில் வந்தால், அது கெடுத்த பிளேட்டையும் கேளுங்கள். லைனிங் பாக்கியிருந்தும் பிளேட்டின் ஸ்பிரிங் உடைந்திருப்பது, பிரஷர் பிளேட்டின் விரல்கள் முறிந்திருப்பது ஆகியவையும் கேட்க வேண்டியவை. எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கழற்றும் முன்பே, கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் லேபர் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மறுத்தால் வாய்ப்பேச்சு வேண்டாம். ஒர்க்ஸ் மேனேஜரிடம் காரணத்தை எழுத்தில் கேட்டு, ஜாப் கார்டு நகலோடு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கார் எந்த ஊரில் வாங்கியதானாலும், நீங்கள் மதுரையில் குடியிருந்தால் மதுரையிலேயே போடலாம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது மாற்றிய பாகம், ஊற்றிய கியர் ஆயில் அளவு இரண்டும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். தொகை சைபராக இருந்தாலும் அவை பில்லில் பதிவாகியிருக்க வேண்டும். ஆக்சில் கழற்றிய வண்டி என்றால் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அலைன்மெண்ட் கேளுங்கள். முன்பு சத்தம் வந்த அதே சாலையில், அதே கியரில் ஓட்டிவிட்டு அன்றிரவு அட்டையை மறுபடி கீழே விரியுங்கள். 500 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறையும்.