தையல் யூனிட்டில் ஆட்கள் நிலைக்க: சனிக்கிழமைச் சம்பளம் முதல் கடைசி நாள் கணக்கு வரை

திருப்பூரில் ஜாப் ஒர்க் (பெரிய கம்பெனியின் ஆர்டரைக் கூலிக்குத் தைப்பது) எடுத்துத் தைக்கும் யூனிட்டுக்குப் பெரிய சோதனை தீபாவளிக்கு அடுத்த வாரம்தான். ஊருக்குப் போன டைலர்கள் திரும்பி வந்தால் ஆர்டர் ஓடும். பாதிப் பேர் வேறு கம்பெனியில் உட்கார்ந்துவிட்டால் மெஷின் சும்மா நிற்கும், ஷிப்மென்ட் தேதி தள்ளும். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் ஆள் நிற்பார் என்று பலர் நினைக்கிறார்கள். கூலி முக்கியம்தான். ஆனால் ஒரே கூலி தரும் இரண்டு யூனிட்டில் ஒன்றில் ஆள் நிற்கிறார், இன்னொன்றில் நிற்பதில்லை. காரணத்தைத் தோண்டினால் பெரும்பாலும் மூன்று விஷயத்தில் வந்து நிற்கும்: சொன்ன நாளில் பணம் வருகிறதா, பிடித்த பணம் கட்ட வேண்டிய இடத்தில் கட்டப்படுகிறதா, தப்பு நடந்தால் எப்படிப் பேசுகிறார்கள். 20 முதல் 40 பேர் வரை வேலை செய்யும் பின்னலாடை யூனிட்டுகளுக்காக எழுதியது இது.

சம்பள நாள்

வாரச் சம்பளம் என்றால் வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். திருப்பூர் வழக்கத்தில் அது சனிக்கிழமை. "ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடமிருந்து பில் பணம் இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒருமுறை சொன்னாலே, அடுத்த வாரம் இரண்டு பேர் வேறு இடத்தில் விசாரிக்கத் தொடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான் இருக்கின்றன.

அதனால் சம்பளப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். 30 பேர், 8 மணி நேர ஷிப்ட்டுக்குச் சராசரிக் கூலி 500 ரூபாய், ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 90,000 ரூபாய். இரண்டு வாரச் சம்பளமான 1,80,000 ரூபாய் எப்போதும் அதில் கிடக்க வேண்டும். நூல், ஊசி, கரண்ட் பில் எதற்காகவும் அதைத் தொடாதீர்கள். பில் தாமதமாவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போடும் அளவுக்குப் போக வேண்டாம். பில்லில் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சிட்டாலே பேச்சு மாறும்.

கணக்கை வியாழன் இரவோடு முடித்து, வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள்: எத்தனை ஷிப்ட், எத்தனை மணி நேரம் ஓவர்டைம், அட்வான்ஸ் எவ்வளவு கழிகிறது. வெள்ளி, சனி ஷிப்ட்டை அடுத்த வாரக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சனிக்கிழமை மதியம் அந்த இரண்டு நாளை மட்டும் கூட்டினால் போதும், பத்து நிமிட வேலை. "புதன்கிழமை நைட்டு நின்னேனே அண்ணா, அது ஏறலையே" என்ற குரல் வெள்ளிக்கிழமை வந்தால் சரிசெய்துவிடலாம். அதே குரல் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, கையில் பணத்தை வாங்கிய பிறகு வந்தால் சண்டையாகிவிடும்.

ஓவர்டைம் விஷயத்தில் ஊர் வழக்கமும் சட்டமும் ஒன்றல்ல. 12 மணி நேரம் வேலை செய்தால் ஒன்றரை ஷிப்ட் என்று எழுதுவது வழக்கம். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, அதாவது 8 மணி நேரத்துக்கு 500 ரூபாய், அடுத்த 4 மணி நேரத்துக்கு இன்னொரு 500. ஒன்றரை ஷிப்ட் கணக்கில் ஒரு ராத்திரிக்கு 250 ரூபாய் குறைகிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஆடிட் வரும்போது முதலில் மாட்டுவது இதுதான்.

பீஸ் ரேட் பேசும்போதே கணக்குப் போடுங்கள்

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டாத முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. பலர் ஆர்டர் தரும் கம்பெனியோடு ரேட் (ஒரு பீஸுக்கான தொகை) பேசும்போது கூலியை மட்டும் கணக்கில் வைத்துவிட்டு, பிறகு கட்டப் பணமில்லாமல் நிற்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் பங்கு இவ்வளவு: பி.எஃப். 12 சதவீதம், அதோடு சேரும் காப்பீடு, நிர்வாகக் கட்டணம் 1 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்க ஏறக்குறைய 4.8 சதவீதம். கூட்டினால் 29 சதவீதத்தைத் தாண்டும். போனஸைக் கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் அந்த இனத்தில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 500 ரூபாய் ஷிப்ட்டின் உண்மைச் செலவை 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டு ரேட் பேசுவதுதான் பாதுகாப்பு. 500-ஐ வைத்து ஒப்புக்கொண்ட ஆர்டரில் மிச்சத்தைத் தொழிலாளியின் பையிலிருந்து எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

மாதம் 26 ஷிப்ட், 13,000 ரூபாய் வாங்கும் டைலரிடம் பிடிப்பது பி.எஃப். 1,560 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமான 98 ரூபாய். "ஆயிரத்து அறுநூறு ரூபா புடிச்சிட்டாங்க" என்றுதான் அவருக்குப் படும். முதல் மாதப் பணம் கட்டியதுமே அவருடைய போனில் அரசின் உமங் செயலியைத் திறந்து பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டுங்கள். அவர் கொடுத்த 1,560-ம் நீங்கள் கட்டிய பங்கும் பதிவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் புகார் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "உங்க பங்கு கம்மியா இருக்கே" என்று கேட்பார்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. இ.எஸ்.ஐ.யில் தாமதத்தின் வலி உடனே தெரியாது, அதுதான் அதன் ஆபத்து. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதன் பலன் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டப்பட்டிருந்தால்தான் நோய்க்காலப் பணம். செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பிப்ரவரியில் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்தால், கூலியில் 70 சதவீதம், அதாவது நாளுக்கு 350 ரூபாய் வர வேண்டும். முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில் "ஆர்டர் இல்லை" என்று நீங்கள் அவர் பெயரைப் பல மாதம் விட்டுவிட்டு, 78 நாள் சேராமல் போயிருந்தால், அது அவருக்குத் தெரிய வருவது டிஸ்பென்சரி கவுன்ட்டரில்தான். மகப்பேற்றுக்கு 26 வாரச் சம்பளம் கிடைப்பதும் இப்படிக் கட்டிய நாட்களை நம்பித்தான்.

வேலையில் அடிபட்டால் விதி வேறு. சேர்ந்த முதல் நாளே ஆனாலும் பாதுகாப்பு உண்டு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் தருவார்கள். ஆனால் 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கையை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். விரலில் ஊசி ஏறுவது தையல் யூனிட்டில் சாதாரணம் என்று பஞ்சை வைத்துக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஊசி முனை எலும்பில் முறிந்து நின்றுவிட்டால் பத்து நாள் கழித்துச் சீழ் பிடிக்கும். அப்போது அறிக்கையும் இருக்காது. முறிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் ஒட்டிவைக்கும் பதிவேடு துணிக்காக மட்டும் அல்ல, துண்டு விரலுக்குள் இருக்கிறதா என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள். ஆதார், வங்கி, பி.எஃப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பீகார், ஒடிசாவிலிருந்து வருபவர்களுக்குக் குடும்பப் பெயர் ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பிறகு கிளெய்ம் திரும்பி வரும். முந்தைய கம்பெனியில் எடுத்த யு.ஏ.என். எண் (ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டிய பி.எஃப். எண்) இருந்தால் அதிலேயே சேருங்கள், புதிதாக எடுக்காதீர்கள். நாமினி பதிவையும் அதே நாளில் முடியுங்கள். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நாமினி இல்லாத குடும்பம் அதற்காக வாரிசுச் சான்றிதழோடு மாதக்கணக்கில் அலையும்.

அட்வான்ஸ்

கொடுத்தே ஆக வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதமும் ஆடி நோன்பி நேரமும் எல்லோரும் கேட்பார்கள். இரண்டு நோட்டு போடுங்கள், ஒன்று அவர் கையில். வாரம் எவ்வளவு கழியும் என்பதை முதல் நாளே எழுதுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கால்வாசியோடு நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் பிடித்தால் அடுத்த வாரமே மறுபடி அட்வான்ஸ் கேட்க வேண்டிய நிலை வரும். "கணக்கை முடிச்சிட்டுத்தான் போகணும்" என்று ஆளை நிறுத்திவைக்கவே கூடாது. அட்வான்ஸைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வைப்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை.

லைனில் பீஸ் தேங்கினால்

முதலாளியின் குணம் தெரியும் இடம் இது. ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷோல்டர் அடிக்க 30 நொடி, நெக் ரிப் (கழுத்துப் பட்டி) வைக்க 55 நொடி, சைடு 50 நொடி, பாட்டம் மடித்து அடிக்க 40 நொடி. ஷோல்டர் டைலர் மணிக்கு 120 பீஸ் தள்ளுவார், நெக் டைலரால் 65-தான் முடியும். மொத்த லைனும் 65-தான் தரும். நெக் டைலர் முன்னால் பண்டல் குவியும், பாட்டம் டைலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சூப்பர்வைசர் வந்து இருவரையும் திட்டுவார். இருவர் மேலும் தப்பில்லை.

திட்டுவதற்கு முன்னால் போனில் ஸ்டாப்வாட்சை வைத்துப் பத்து பீஸைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். எதற்காகப் பார்க்கிறீர்கள் என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் பார்த்தால் கை நடுங்கும் அல்லது வேண்டுமென்றே மெதுவாகும். தைக்கும் நேரத்தையும் மற்ற நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். ரிப் குட்டையாக வெட்டப்பட்டு ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடித்துத் தைக்கிறாரா? அது கட்டிங் மாஸ்டரிடம் பேச வேண்டியது. பண்டலில் பீஸும் ரிப்பும் எண்ணிக்கை பொருந்தாமல் தேடுகிறாரா? கைமடி (எடுத்துக் கொடுக்கும் உதவியாள்) ஒருவரை அங்கே நிறுத்தினால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் 55 நொடி ஆகிறது என்றால் இரண்டாவது ஆளை நெக்குக்கு மாற்றுங்கள்.

டேமேஜுக்கும் இதே முறைதான். பின்னல் துணியில் உருண்டை முனை ஊசி போட வேண்டும். கூர் முனை ஊசியோ தேய்ந்த ஊசியோ நூலிழையை அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது, வாஷ் ஆன பிறகு ஓட்டையாக விரியும். அதை "கவனமில்லாத டைலர்" என்று எழுதிக் கூலியில் பிடிப்பது அநியாயம். ஷிப்ட்டுக்கு ஒருமுறை ஊசி மாற்றும் வழக்கம் இல்லாததே காரணம். ஒருவரை விசாரித்து, அவர் பதிலைக் கேட்காமல் சேதத்துக்குப் பிடித்தம் செய்யச் சட்டமும் இடம் தரவில்லை.

பேசும் முறையைச் சூப்பர்வைசருக்குச் சொல்லிக்கொடுங்கள். "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்துவதற்குப் பதில், பீஸைக் கையில் எடுத்துப் போய், "அக்கா, இந்தப் பக்கம் தையல் விட்டிருக்கு பாருங்க, நூல் டென்ஷன் பார்க்கலாமா?" என்று கேட்டால் முப்பது நொடியில் வேலை முடியும். நன்றாகத் தைக்கும் டைலரை அப்படியே சூப்பர்வைசர் ஆக்குவது பல யூனிட்டுகளில் நடக்கும் தவறு. தைப்பது வேறு திறமை, ஆளை நடத்துவது வேறு. இரண்டு மாதம் பத்துப் பேரை மட்டும் ஒப்படைத்துப் பாருங்கள். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் லீவு போடாமல் வருகிறார்கள் என்பதிலேயே விடை தெரிந்துவிடும்.

பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடம் என்பதால் இன்னொன்று. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். முதலாளியின் மனைவியைத் தலைவராகப் போட்டுப் பலகை மாட்டுகிறார்கள். அப்படியொரு குழுவிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். லைனில் மற்ற பெண்கள் நம்பிப் பேசும் மூத்த பெண் யார் என்பதைக் கவனித்து, அவரைக் குழுவில் சேருங்கள்.

ஆள் விலகுகிறேன் என்று சொன்னால்

கோபப்பட்டுக் கணக்கை இழுத்தடிக்காதீர்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தர வேண்டும். பணிக்கொடைக் கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்குங்கள். 13,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7,500. ஆறு ஆண்டு என்றால் 45,000 ரூபாய்.

பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை அந்த மாதமே ஏற்றுங்கள். அது ஏறாவிட்டால் அவர் பணத்தை எடுக்கவோ மாற்றவோ சிரமப்பட்டு உங்களுக்கே போன் செய்துகொண்டிருப்பார். அனுபவச் சான்றிதழில் என்ன ஆபரேஷன் தைத்தார், எந்த மெஷினில், ஓவர்லாக்கா ஃப்ளாட்லாக்கா என்று எழுதிக் கொடுங்கள். "டைலர்" என்று மட்டும் எழுதினால் அடுத்த கம்பெனியில் மறுபடி ஹெல்பர் கூலியிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.