பையனுக்கு என்ன அடின்னு கேட்டா கிளப் என்ன சொல்லணும்

செந்தூல், ஜாலான் ஈப்போ, பத்து கேவ்ஸ்னு நம்ம ஆளுங்க நடத்துற கால்பந்து கிளப் கோலாலம்பூர் சுத்தி ஏகப்பட்டது இருக்கு, சின்னப் பசங்க அகாடமி வேற, மாசக் கட்டணம் வாங்கி சனி ஞாயிறுல பயிற்சி குடுக்குறாங்க. ஒருத்தன் முட்டியப் புடிச்சிட்டு பாடாங்ல (திடல்ல) விழுந்தான்னா ரெண்டு நாள்ல அவனோட எம்ஆர்ஐ ரிப்போர்ட், ஐசி (அடையாள அட்டை) நம்பர், பொறந்த தேதி எல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப் குரூப்ல வந்துருது. கெட்ட எண்ணத்துல யாரும் போடுறதில்ல, "தம்பிக்காக எல்லாரும் வேண்டிக்கோங்க"ன்னுதான் போடுறாங்க. ஆனா அந்த குரூப்ல எழுபது பேரு, அதுல பாதிப் பேரு இன்னொரு கிளப் குரூப்லயும் இருக்கான், அடுத்த வாரம் நம்மளோட ஆடப்போற டீமுக்கு எந்தக் கால்னு கூட தெரிஞ்சிருக்கும்.

எதிர் டீமுக்குத் தெரியுறது கூட பெரிய விஷயம் இல்ல. நம்ம பசங்க பாதிப் பேரு பகல்ல லாரி ஓட்டுறான், ஃபேக்டரில ஷிஃப்ட் பாக்குறான், செக்யூரிட்டி வேலைக்குப் போறான். முதுகுல டிஸ்க் பிரச்சினைன்னு கிளப் பேஜ்ல போட்டா அத அவன் சூப்பர்வைசரும் படிப்பாரு, கான்ட்ராக்ட் நீட்டிக்கிற நேரத்துல அவனுக்கு ஏன் கிடைக்கலன்னு யாரும் வந்து வெளக்கம் சொல்லப்போறதில்ல. அப்புறம் பெட்டிங்காரங்க. 1994 மேட்ச் பிக்சிங் விவகாரம் மலேசியா பந்த என்ன பண்ணுச்சின்னு நாப்பது தாண்டுன எல்லாருக்கும் தெரியும், அந்த ஆளுங்களுக்கு டீம் நியூஸ்தான் சரக்கு. "கீப்பருக்கு வெரல்ல அடி, ஆனா நாளைக்கு எறக்குவோம்"னு நீங்க குரூப்ல சாதாரணமா சொல்றது அவனுக்குக் காசு.

இப்ப சட்டம். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 709, எல்லாரும் பிடிபிஏன்னு சொல்றது, 2013 நவம்பர் 15லருந்து நடப்புல இருக்கு. ஒரு ஆளோட உடம்பு, மனசு சம்பந்தப்பட்ட தகவல சாதாரண டேட்டாவா அது பாக்கல, சென்சிட்டிவ் டேட்டான்னு தனியா வச்சிருக்கு, 40வது பிரிவு. அதக் கையாள அவனோட வெளிப்படையான சம்மதம் வேணும். பேசாம இருந்தான், அதனால சரின்னுதான் அர்த்தம்னு நீங்களா எடுத்துக்க முடியாது. டாக்டர் வைத்தியத்துக்காகப் பாக்குறது, பேச முடியாம கெடக்குறவன் உயிரக் காப்பாத்த சொல்றது, வழக்கு விஷயம், வேலைச் சட்டப்படி முதலாளி செஞ்சாகணும்னு இருக்குறது, இப்படி சிலதுக்கு விலக்கு இருக்கு. ஃபேஸ்புக் பேஜ்ல லைக் வாங்குறதுக்கு விலக்கு இல்ல. இந்தப் பிரிவ மீறுனா 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். சட்டத்தோட பொதுக் கொள்கைகள மீறுனா முன்னல்லாம் 300,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இருந்துச்சி, 2024 திருத்தத்துக்கு அப்புறம் அத 10 லட்சம் வெள்ளி, மூணு வருஷம் ஜெயில் வரைக்கும்னு ஏத்திட்டாங்க.

"நாங்க சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுறோம்பா, எங்களுக்கு ஏன் இதெல்லாம்"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். இந்தச் சட்டம் வணிக நடவடிக்கை சம்பந்தப்பட்ட டேட்டாவுக்குத்தான், தனி ஆளு தன்னோட சொந்த, குடும்ப, பொழுதுபோக்கு விஷயத்துக்கு வச்சிருக்குறதுக்கு 45வது பிரிவுல விலக்கும் இருக்கு. வாரத்துல ஒரு நாள் கூட்டாளிங்க காசு போட்டு ஃபுட்சால் கோர்ட் புக் பண்றீங்கன்னா நிம்மதியா இருங்க. ஆனா கட்டணம் வாங்குற அகாடமி, ஆட்டக்காரனுக்கு சம்பளமோ அலவன்ஸோ குடுக்குற கிளப், ஸ்பான்சர் வச்சி லீக்ல ஆடுறவங்க, நீங்கல்லாம் "எங்களுக்கு வராது"ன்னு தைரியமா சொல்ற எடத்துல இல்ல. நடுவுல நிக்கிற கிளப்புங்க, விளையாட்டு ஆணையர் ஆபீஸ்ல பதிஞ்சிட்டு சந்தா மட்டும் வாங்குறவங்க, வருமா வராதான்னு வக்கீல்ட்ட சண்டை போடுறத விட கீழ சொல்றத செஞ்சிட்டுப் போறது சுலபம், செலவும் இல்ல.

மொதல்ல செய்ய வேண்டியது, தகவல ரெண்டாப் பிரிக்கிறது. ஒன்னு மருத்துவத் தகவல்: என்ன கிழிஞ்சிருக்கு, ஸ்கேன்ல என்ன, என்ன மருந்து, ஆபரேஷனா இல்லையா. இன்னொன்னு ஆடுறதுக்கான நிலை: ஆடலாம், ஆடக்கூடாது, ஓடலாம் ஆனா மோதல் கூடாது, மறுபடி எப்ப பாக்கணும். கோச்சுக்கு ரெண்டாவது போதும். பல கோச்சுங்களுக்கு இது புடிக்காது, "என் பையன், எனக்குத் தெரியாம என்ன"ன்னு சண்டைக்கு வருவாங்க, ஆனா ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) கிழிசல் எத்தனாவது கிரேடுன்னு தெரிஞ்சி அவரு என்ன பண்ணப்போறாரு, மூணு வாரம் கழிச்சிதான் ஸ்பிரிண்ட்னு தெரிஞ்சாப் போதுமே. முழு விவரம் டாக்டர்ட்டயும் பிசியோட்டயும் இருக்கட்டும். டாக்டர் கிளப் காசுல வந்தாலும் பேஷண்ட் அந்தப் பையன்தான், டாக்டர் ரகசியம் காக்க வேண்டியது அவனுக்காகத்தான். சின்ன கிளப்ல டாக்டர், பிசியோ யாரும் இல்லன்னா கமிட்டில ஒரே ஒரு ஆளப் பொறுப்பா வைங்க. பொதுவா பொருளாளர் நல்ல சாய்ஸ், அவருக்குத்தான் பேசாம இருந்து பழக்கம்.

அடுத்து சம்மதப் பத்திரம். சீசன் ஆரம்பத்துல ரிஜிஸ்ட்ரேஷன் ஃபாரம் நெரப்பும்போதே தனி பேப்பரா குடுங்க, விதிமுறைக்குள்ள பதினாலாவது வரியா ஒளிச்சி வைக்காதீங்க. என்ன தகவல் எடுக்குறோம், எதுக்கு, யார்ட்டல்லாம் போகும், எவ்ளோ நாள் வச்சிருப்போம், வேணாம்னா எப்படி வாபஸ் வாங்குறதுன்னு இருக்கணும். அறிவிப்பு மலாய்லயும் ஆங்கிலத்துலயும் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அம்மா அப்பாவுக்குப் புரியணும்னா தமிழ்லயும் ஒன்னு சேத்துக்குங்க, அத யாரும் தடுக்கல. கட்டம் தனித்தனியா இருக்கட்டும்: கோச்சுக்கு நிலை சொல்ல சம்மதம், இன்சூரன்ஸ் கிளெய்முக்கு ரிப்போர்ட் அனுப்ப சம்மதம், வெளிய அறிவிக்க சம்மதம். மூனையும் ஒரே கையெழுத்துல அடக்குனா பையன் இன்சூரன்ஸுக்காக போட்ட கையெழுத்த காட்டி நீங்க பேஸ்புக்ல போட்டதா ஆயிரும், அது சம்மதம் இல்ல, ஏமாத்து.

பதினெட்டு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க இல்ல காப்பாளர் சம்மதம் வேணும். இதுல எல்லாரும் ஒன்ன மறந்துர்றாங்க, பையனையும் கேளுங்க. பதினாறு வயசுப் பையன் இடுப்புக்குக் கீழ அடிபட்டு கெடக்கான், அம்மா சரின்னு சொல்லிட்டாங்கன்னு நீங்க குரூப்ல போட்டா திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறது அவன்தான்.

தலையில அடி மட்டும் வேற கணக்கு. கன்கஷன் (அடிபட்டு மூளை அதிர்றது) ஆன பையன் சனிக்கெழம உங்களுக்கும் புதன்கெழம ஸ்கூலுக்கும் ஆடுவான், நீங்க ரகசியம்னு வாய மூடிட்டு இருந்தா ஸ்கூல் சாருக்குத் தெரியாம அவன எறக்கிருவாரு, மறுபடி மண்டைல மோதுனா உயிருக்கே ஆபத்து. அதனால ஃபாரம்லயே முன்கூட்டி எழுதி வாங்கிருங்க: தலையில அடிபட்டா அவன் ஆடுற மத்த டீம் கோச்சுக்கும் ஸ்கூலுக்கும் தகவல் சொல்வோம்னு. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்ற அப்பாவ நான் இன்னும் பாக்கல.

வெளிய அறிக்கை விடுறது எப்படின்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எல்லாரும் சறுக்குறது இங்கதான். ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்குற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25லருந்து நடப்புல இருக்கு, அதோட 9வது பிரிவு உடல்நலத் தகவல தனி வகையா வச்சி பூட்டுப் போட்டிருக்கு, பெரிய மீறலுக்கு 2 கோடி யூரோ இல்லன்னா உலக வருமானத்துல 4 சதவீதம், எது ஜாஸ்தியோ அது வரைக்கும் அபராதம் போடலாம். அதுக்காக அங்க யாரும் வாயத் தொறக்குறதில்லன்னு நெனைக்காதீங்க. ரியல் மாட்ரிட் இன்ன ஆட்டக்காரருக்கு இன்ன எடத்துல இன்ன காயம்னு மருத்துவ அறிக்கை வெப்சைட்லயே போடும், அதுல எத்தன வாரம்னு மட்டும் சொல்லாது, போகப்போகப் பாப்போம்னு முடிச்சிரும். வேற சில கிளப் "தசைப் பிரச்சினை"யோட நிறுத்திக்கும். ஆக, பேசவே கூடாதுன்னு சட்டம் சொல்லல, அடிப்படை இல்லாம பேசாதேன்னு சொல்லுது. அமெரிக்காவுல கத தலகீழ். என்எஃப்எல்ங்குற அமெரிக்க ஃபுட்பால் லீக்ல எந்த ஆட்டக்காரனுக்கு எந்த பாகத்துல அடின்னு வாராவாரம் ரிப்போர்ட் குடுத்தே ஆகணும், உள்ளத் தெரிஞ்சவன் மட்டும் பெட் கட்டி சம்பாதிக்கக் கூடாதுன்னுதான். அங்கயே ஐஸ் ஹாக்கி லீக்ல "மேல் உடம்புல காயம்", "கீழ் உடம்புல காயம்"னு ரெண்டே ரெண்டு வகைல எல்லாத்தையும் முடிச்சிருவாங்க, எனக்கு அது ரொம்பப் புடிக்கும், நம்ம லீக்குக்கும் அதே போதும்னு சொல்வேன்.

கைல ரெடியா ரெண்டு மூனு வரி வச்சிக்கோங்க. ஆட்டக்காரன் எதுவும் வெளிய சொல்லாதீங்கன்னா: "இந்த வாரம் அவர் ஆட மாட்டார். மருத்துவக் காரணம் பத்தி கிளப் பேசுறதில்ல." கொஞ்சம் சொல்லலாம்னு அவனே சொன்னா: "பயிற்சில கால்ல அடி, டாக்டர் கண்காணிப்புல இருக்கார், திரும்ப வர்ற தேதி பின்னால சொல்றோம்." முழுசா சொல்லலாம்னா எழுதுனத அவனுக்கு அனுப்பி, படிச்சிட்டு சரின்னு அவன் பதில் போட்ட அப்புறம் போடுங்க, அந்தப் பதில அழிக்காம வைங்க. முக்கியமா எல்லாருக்கும் ஒரே பாணி. காலுன்னா சொல்லிட்டு, மனநலப் பிரச்சினைன்னு லீவு எடுத்தவனுக்கு மட்டும் "பேசுறதில்ல"ன்னா அந்த மௌனமே காட்டிக் குடுத்துரும்.

பொய்யும் சொல்லாதீங்க. வயித்து வலின்னு கத கட்டுனா அவன் மறுநாள் ஊன்றுகோலோட மம்மாக் கடையில தே தாரிக் குடிக்கிறத யாராவது படம் புடிப்பான்.

இதுல பழைய கத ஒன்னு இருக்கு. மலேசியக் கால்பந்து ஜாம்பவான் மொக்தார் டஹாரி 1991 ஜூலை 11ல காலமானப்போ தசைச் சிதைவு நோய்னுதான் நாட்டுக்குத் தெரியும். உண்மைல அது மோட்டார் நியூரான் நோய்னு ஏறக்குறைய இருவது வருஷம் கழிச்சிதான் வெளிய வந்துச்சி, மனைவியும் டாக்டரும் அதுவரைக்கும் வாயத் தொறக்கல. அந்தக் காலத்துல பிடிபிஏவும் இல்ல ஒன்னும் இல்ல. அவ்ளோ பெரிய ஆளுக்கே அத்தன வருஷம் காப்பாத்த முடிஞ்சிருக்கு, நம்மளால செந்தூல் கிளப் லெஃப்ட் பேக்கோட கணுக்கால ஒரு வாரம் காப்பாத்த முடியலன்னா என்னத்த சொல்ல.

ஆட்டக்காரனே இன்ஸ்டாகிராம்ல ஆபரேஷன் படத்தப் போட்டான்னா? அது அவன் இஷ்டம், அவனா வேணும்னே வெளிய விட்ட தகவலுக்கு அந்த 40வது பிரிவே வழி விடுது. அவன் போட்டத அப்படியே ஷேர் பண்ணலாம். ஆனா அவன் "ஆபரேஷன் முடிஞ்சிது"ன்னு மட்டும் சொல்லிருக்கும்போது நீங்க கமெண்ட்ல "ஆமா, போன வருஷம் கிழிஞ்ச அதே ஏசிஎல்தான்"னு முட்டித் தசைநார் கதயெல்லாம் சேக்காதீங்க.

வேற கிளப்புக்குப் போறான்னா அந்த கிளப் மேனேஜர் போன் போட்டு "உண்மையச் சொல்லுங்க, முட்டி எப்படி"ன்னு கேப்பாரு, நம்ம ஊர்ல இது சகஜம், ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா வேற இருப்பாங்க. பதில் ஒன்னுதான்: "தம்பியவே கேளுங்கண்ணே, அவன்ட்ட எல்லா ரிப்போர்ட்டும் இருக்கு." பெரிய லெவல்ல ஃபீஃபா விதிப்படி மெடிக்கல் பாஸ் பண்ணாத்தான் கான்ட்ராக்ட் செல்லும்னு நிபந்தனை போட முடியாது, அதனாலதான் கையெழுத்துக்கு முன்னாடியே புது கிளப் தன்னோட டாக்டர வச்சி பாத்துக்குது. நீங்களும் அவங்களே பாத்துக்கட்டும்னு விடுங்க. பையன் தன்னோட ஃபைல் காப்பி கேட்டு எழுத்துல குடுத்தா 21 நாளைக்குள்ள குடுக்கணும், பாக்கிச் சந்தாவக் கட்டுனாத்தான் தருவேன்னு புடிச்சி வைக்கக் கூடாது.

வச்சிருக்குற எடம் பத்தி. எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), ஸ்கேன், இன்சூரன்ஸ் பேப்பர் எதையும் குரூப்ல வாங்காதீங்க, பொறுப்பாளருக்கு மட்டும் தனியா வரட்டும், அவரும் பாஸ்வேர்டு போட்ட ஃபோல்டர்ல வச்சிட்டு போன் கேலரிலருந்து அழிச்சிரணும், இல்லன்னா அவரு வீட்டுச் சின்னப் பசங்க கேம் ஆடும்போது எல்லாம் தெரியும். ஃபிசியோ ரூம் ஒயிட்போர்டுல பேருக்கு நேரா காயத்த எழுதுற பழக்கத்தையும் விடுங்க, டீம் போட்டோ எடுக்கும்போது பின்னால அது தெளிவா விழும்.

எல்லாம் மீறி வெளிய போயிருச்சின்னா ஒளிக்காதீங்க. 2025 ஜூன் 1லருந்து பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவுன்னா 72 மணி நேரத்துக்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரியப்படுத்தணும், பாதிக்கப்பட்டவங்களுக்கும் சொல்லணும், மருத்துவத் தகவல்னா அது சின்ன விஷயம்னு தள்ள முடியாது. மொதல் போன் அந்தப் பையனுக்குப் போகணும், அடுத்தவன் சொல்லி அவன் தெரிஞ்சிக்கிற மாதிரி விடாதீங்க.

கமிட்டி தேர்தல் முடிஞ்சதும் ஒரு வேல இருக்கு, யாரும் செய்றதில்ல. பழைய செயலாளர் போன்லயும் லேப்டாப்லயும் அஞ்சு வருஷத்துப் பசங்களோட எம்சி அப்படியே கெடக்கும். அவரு ஒதுங்குறப்போ பக்கத்துல உக்காந்து, நடப்புல இருக்குற கிளெய்ம் சம்பந்தப்பட்டத மட்டும் புது ஆளுக்கு மாத்திட்டு மத்தத அவரு கண்ணு முன்னாலயே அழிச்சிருங்க, குரூப்லருந்தும் அன்னைக்கே எடுத்துருங்க. கோவிச்சிக்குவாரு, பரவால்ல.